தேயிலைத் தங்கம் புற்றுநோயை ஒழிக்குமா?

பச்சிலை: தங்க உப்புக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்தால், இளமஞ்சள் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாணிக்கச் சிவப்பாகிவிடுகிறது. நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள், உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கடுமையான ரசாயனம் எதுவும் வேண்டாம். மிசௌரி பல்கலைக்கழகக் குழு தேயிலையின் ஈஜிசிஜி என்ற சேர்மத்தால் செய்த தங்கத் துகளை, மனிதப் புராஸ்டேட் புற்று வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியது. 28 நாள்களில், சிகிச்சை பெறாத எலிகளைவிட அவற்றின் கட்டி சுமார் 80 சதவீதம் சிறுத்திருந்தது. 2012இல் வெளியான முடிவு இது. இன்னும் என்ன தயக்கம்?

நுண்ணோக்கி: பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அது கதிரியக்கத் தங்கம்-198. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 2.7 நாள்கள். ஊசியையும் நேராகக் கட்டிக்குள்ளேயே போட்டார்கள். புற்றைக் கொன்றது அந்தத் தங்கம் வெளியிடும் பீட்டாக் கதிர், தேயிலை அல்ல.

பச்சிலை: அந்தக் கதிரைக் கட்டியிலேயே தங்கவைத்தது எது? புராஸ்டேட் புற்றுச் செல்களில் மிகுதியாக உள்ள லேமினின் ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வது ஈஜிசிஜிதான். தங்கத் துகள்களுக்கு வழக்கமாகப் போடும் சிட்ரேட் என்ற ரசாயனப் பூச்சு அதைச் செய்யாது. தங்கம்-198 வெளியிடும் காமாக் கதிரை வைத்து, துகள் எங்கே இருக்கிறது என்று படமும் எடுக்கலாம். தாவரச் சேர்மம் வெறும் அலங்காரம் அல்ல.

நுண்ணோக்கி: ஈஜிசிஜி ஒரே மூலக்கூறு, அமைப்பு தெரிந்தது; அதை ஏற்கிறேன். ஆனால் வாரந்தோறும் வரும் கட்டுரைகளைப் பாருங்கள்: ஏதோ ஒரு இலை, கொதிக்கவைத்த சாறு, வெள்ளி நைட்ரேட், 'புற்று எதிர்ப்பு' என்ற தலைப்பு. துகளின் மேல் ஒட்டியிருப்பது என்ன? பருவமும் மண்ணும் மாறினால் சாறும் மாறுமே! செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதை எம்டிடி சாயம் ஊதாவாக மாறுவதை வைத்துச் சொல்கிறார்கள். இலைச்சாற்றில் உள்ள பாலிஃபீனால் என்ற சேர்மங்கள், செல்லே இல்லாவிட்டாலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். சாற்றை மட்டும் தனியே சோதித்தார்களா? வெள்ளி, நலமான செல்களையும் கொல்கிறதே, அவற்றில் பார்த்தார்களா? இரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 0.7 சதவீதம்தான் என்று 2016இல் டொராண்டோ குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. கண்ணாடித் தட்டில் கிடைத்த வெற்றியை மருந்து என்று அழைக்காதீர்கள்.

வைகறை: என் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். இப்படியொரு செய்தியைப் படித்துவிட்டு, கதிர் சிகிச்சையை விட்டுவிட்டு கிரீன் டீ குடித்தால் போதும் என்கிறார். என்ன சொல்வது?

பச்சிலை: விடவே கூடாது. தேநீர் குடிப்பதால் உடலுக்குள் இந்தத் துகள் உருவாகாது. அந்த எலிகளுக்குக் கொடுத்ததும் ஒருவகைக் கதிர் சிகிச்சைதான் என்று அவரிடம் சொல்லுங்கள். எந்தச் சந்தேகமானாலும் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

நுண்ணோக்கி: இதை உங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், பச்சிலை. பெரியப்பா படித்ததும் 'கதிரியக்கம்' என்ற சொல்லை விட்டுவிட்ட ஒரு செய்தியாகத்தான் இருக்கும்.