எதனுடைய கிராம்? மோல் கணக்கில் உங்கள் அனுபவங்கள்

தர்மபுரிப் பக்கம், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்:
எங்கள் பகுதி போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பெரிய பிரச்சினை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறுகிறது, அப்புறம் எலும்பையும் பாதிக்கிறது. அதனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் கரைசல் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு வருபவர்களிடம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசல் கேட்டால், பலரும் சோடியம் ஃபுளோரைடை 100 மில்லிகிராம் எடை போட்டுவிடுகிறார்கள். மோல் என்பது துகள்களை எண்ணும் ஒரு நிலையான அளவு, டஜன் மாதிரி. சோடியம் ஃபுளோரைடு ஒரு மோல் 42 கிராம், அதில் ஃபுளோரைடு 19 கிராம்தான். மீதி சோடியம். ஆக 221 மில்லிகிராம் எடுக்க வேண்டும். 100 மட்டும் எடுத்தால் கரைசலில் இருப்பது 45. அதை 100 என்று நம்பி அளந்தால், 1 மில்லிகிராம் உள்ள நல்ல தண்ணீர் 2.2 என்று காட்டும். ஓர் ஊரே குடிக்கும் கிணற்றை வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். எடை போடுவதற்கு முன் "எதனுடைய கிராம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.

பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை:
சார் சொல்வது அப்படியே எங்கள் லேபிலும் நடக்கும். ஆக்சாலிக் அமிலம் ஒரு மோல் 90 கிராம் என்று கணக்குப் போடுவார்கள். பாட்டிலில் இருப்பதோ இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம், அது ஒரு மோல் 126 கிராம். அதனால் முதலில் லேபிளைப் படிக்கச் சொல்கிறேன். 0.05 மோலார், அதாவது லிட்டருக்கு 0.05 மோல் உள்ள கரைசல், 250 மில்லி வேண்டுமென்றால் 1.575 கிராம். மில்லியை லிட்டராக மாற்றாமல் பெருக்கிய மாணவிக்கு 1575 கிராம் வந்தது. "பாட்டிலே அரைக் கிலோதானம்மா" என்றேன், பிழை எங்கே என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். விடையை எதிரில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சூத்திரத்தைவிட முக்கியம்.

மதுரையிலிருந்து:
என் சித்தி டொராண்டோவில் இருக்கிறார். வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 7.8 என்று ரிப்போர்ட் அனுப்பினார். இவ்வளவு குறைந்துவிட்டதே என்று அம்மா பயந்துவிட்டார். அங்கே லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று தருகிறார்கள், நம் ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். குளுக்கோஸ் ஒரு மோல் 180 கிராம், ஒரு லிட்டரில் பத்து டெசிலிட்டர், ஆக 18 ஆல் பெருக்க வேண்டும். 7.8 என்றால் 140. குறைவே இல்லை, கூடுதல். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று பார்க்கிறார்கள். சித்தியை உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னோம்.

ஆசிரியை:
நல்ல காரியம் செய்தீர்கள். கொலஸ்டிராலுக்கு மட்டும் அந்த 18-ஐப் போட்டுவிடாதீர்கள். அதன் மோல் கிட்டத்தட்ட 387 கிராம், எனவே 38.7 ஆல் பெருக்குங்கள்.