திருமலைச் சொந்தங்கள்: ரகு உலுருவில

ரகு: உலுருவுக்கு வந்து சேந்திட்டம், அவுஸ்திரேலியாவின்ர நடுவில இருக்கிற பெரிய கல்மலை. அலிஸ் ஸ்பிரிங்ஸில இருந்து பஸ்ஸில 450 கிலோமீற்றருக்குக் கிட்ட. வழி முழுக்கச் செம்மண். படங்கள் போட்டிருக்கிறன் பாருங்கோ.

பெரியம்மா: கடவுளே, என்ன சிவப்பு! 🙏

ரகு: கல்லில இருக்கிற இரும்பு துருப்பிடிச்ச நிறமாம் பெரியம்மா. உள்ளுக்குச் சாம்பல் நிறம்தான்.

சின்ன மாமா: உச்சிக்கு ஏறினியா?

ரகு: 348 மீற்றர் மாமா. ஏறேலாது. 2019 ஒக்டோபர் 26ஓட நிப்பாட்டிட்டாங்க.

சின்ன மாமா: இவ்வளவு காசு கட்டிப் போய், கீழ நிண்டு பாத்திட்டு வாறதோ?

கவி அக்கா: எங்கட திருகோணமலைக் கோணேசர் கோயில் கோபுரத்தில ஒருத்தர் ஏறி நிண்டு செல்ஃபி எடுத்தா விடுவீங்களோ மாமா?

சின்ன மாமா: அது வேற.

கவி அக்கா: என்ன வேற 😄

ரகு: இந்த இடத்துப் பழங்குடியள் அனங்கு சனம். அவங்கட மலா எண்ட முன்னோர் போன பாதையிலதான் சங்கிலி அடிச்சு ஏறினதாம். அனங்கு சனம் ஏற வேண்டாம் எண்டு கனகாலமாக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏறப் போய் 30 பேருக்கு மேல செத்தும் இருக்கு. 1985இல நிலத்தை அவங்களிட்டயே திருப்பிக் குடுத்து, உடனயே 99 வருசக் குத்தகைக்கு அரசாங்கம் எடுத்திட்டுது.

சின்ன மாமா: குடுத்த கையாலயே வாங்கினதோ? நல்ல கெட்டிக்காரர். இஞ்ச 1622இல போத்துக்கீசன் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லிலயே கோட்டை கட்டினான். அவன் குத்தகையும் கேக்கேல்லை.

பெரியம்மா: ஏன் தம்பி எல்லாம் ஒரே பக்கத்துப் படமா இருக்கு?

ரகு: சில இடத்தில படம் எடுக்கக் கூடாதெண்டு பலகை. ஆம்பிளையளுக்கெண்டு சில இடம், பொம்பிளையளுக்கெண்டு சில இடம். அந்த இடத்துக் கதையை வழிகாட்டியும் சொல்லேல்லை, கேட்டதுக்குச் சிரிச்சார். முடிட்ஜுலுச் சுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியில நெருப்பு வெயில், பாறை மடிப்புக்க போனவுடன குளிர். குகைச் சுவரில செங்காவியாலயும் கரியாலயும் வரைஞ்சிருக்கு. வாயைத் திறந்தா இலையான் போகுது, எல்லாரும் முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு திரியிறம்.

பெரியம்மா: சுவாமி அறைக்கு ஒரு சின்னக் கல் கொண்டாவன்.

ரகு: கூடாது பெரியம்மா. எடுத்துக்கொண்டு போன சனமே மன்னிப்புக் கடிதத்தோட தபாலில திருப்பி அனுப்புதாம். வீட்டில ஒரே கரைச்சல் எண்டு.

பெரியம்மா: ஐயோ வேண்டாம்! சப்பாத்தில ஒட்டின மண்ணையும் தட்டிப்போட்டு வா.

கவி அக்கா: 😂😂

சின்ன மாமா: நாளைக்கு எங்க?

ரகு: கட்டா ஜூட்டா, இன்னொரு கல்மலைக் கூட்டம். 36 பாகை வருமெண்டா 11 மணியோட உள்பாதையைப் பூட்டிடுவாங்களாம். விடியமுதல் வெளிக்கிடோணும்.

பெரியம்மா: ரெண்டு போத்தல் தண்ணி கொண்டு போ.