37-ம் வகுப்பு டீசலோடு என் சனிக்கிழமைகள்

பழைய ரயில் என்ஜின்களைப் பழுதுபார்த்து ஓட்டும் தன்னார்வலர்கள் பற்றிப் பேச்சு வந்தால், நிறையப் பேர் நீராவி என்ஜின் அனுபவங்களைத்தான் சொல்கிறார்கள். டீசலுக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன்.

வேலைக்காகப் பிரிட்டன் வந்த புதிது. ஒரு சனிக்கிழமை கிரேட்டர் மான்செஸ்டரில் உள்ள பெரி நிலையத்துக்குப் போனேன். கிழக்கு லங்காஷயர் ரயில்வே என்று தன்னார்வலர்கள் ஓட்டும் பாதை அங்கே இருக்கிறது. நீராவி வண்டி பார்க்கத்தான் போனேன். அன்று டீசல்தான் ஓடியது. திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நடைமேடையில் நின்ற 40-ம் வகுப்பு லோகோவிலிருந்து (லோகோ என்றால் ரயிலை இழுக்கும் வண்டி; வகுப்பு எண் அதன் மாடலைக் குறிக்கும்) ஒரு விசில் சத்தம் வந்தது. ஹாரன் இல்லை. என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே டர்போவிலிருந்து (என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சுழலி) வரும் சன்னமான சீழ்க்கை அது. அதனால்தான் அந்த வகுப்புக்கே 'விசிலடிப்பவர்கள்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் அந்தச் சீழ்க்கைக்குக் கீழே கனமான ஓர் உறுமல் எழுந்தது. நடைமேடைக் கல் என் காலடியில் அதிர்ந்தது. அன்று மாலை வரை நான் வீடு திரும்பவில்லை.

அடுத்த மாதமே ஒரு சிறிய குழுவில் சேர்ந்துவிட்டேன். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு 37-ம் வகுப்பு லோகோ. 1960 முதல் 1965 வரை இங்கிலிஷ் எலக்ட்ரிக் கட்டிக்கொடுத்த 309 லோகோக்களில் ஒன்று. 12 சிலிண்டர், 1,750 குதிரைத்திறன். நான் சேர்ந்தபோது அது ஓடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெயின்ட் உரிந்து, கூரை ஓட்டைகளில் தார்ப்பாய் கட்டி, ஷெட்டுக்கு வெளியே மழையில் நின்றது.

'டீசலில் என்ன பாரம்பரியம் இருக்கிறது?' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கும். வெஸ்டர்ன் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 74 லோகோக்கள், 1961-ல் ஓடத் தொடங்கி 1977-ல் எல்லாமே சேவையிலிருந்து போய்விட்டன. பதினாறே வருஷம். ஒவ்வொன்றிலும் இரண்டு மேபாக் என்ஜின்கள், மின்சாரத்துக்குப் பதிலாக எண்ணெய் ஓட்டத்தின் மூலம் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் அமைப்பு. பிரிட்டனின் மற்ற பிரதான பாதை டீசல்களில் பெரும்பாலானவை மின்சார மோட்டாரில் ஓடியவை. இந்த வேறு வழியை இன்று நேரில் காட்ட ஏழு வெஸ்டர்ன்கள்தான் மிச்சம். அவற்றையும் காசு சேர்த்து வாங்கிக் காப்பாற்றிய ஆட்கள் இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

சரி, எங்கள் 37-க்கு வருகிறேன்.

முதல் ஆறு மாதம் நான் செய்த வேலை சுரண்டுவது. காய்ந்த எண்ணெய், துரு, பழைய பெயின்ட். என்ஜின் அறைக்குள் ஆள் திரும்பக்கூட இடம் இருக்காது. முழங்கை ஒரு பக்கம் இடிக்கும், தலை மறுபக்கம் இடிக்கும். அப்புறம் பேட்டரிகள். ஈய-அமில செல்கள், ஒவ்வொன்றையும் தூக்கி இறக்கி, முனைகளைத் தேய்த்து, மறுபடி இணைக்க வேண்டும். முழு செட்டும் புதிதாக வாங்கக் குழுவிடம் பணம் இல்லை. மாதம் 10 பவுண்டு கொடுக்கும் உறுப்பினர்களை நம்பித்தான் எல்லாமே நடந்தது. தேறிய செல்களைப் பொறுக்கி எடுத்தோம்.

எங்களோடு ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருந்தார். இந்த வகுப்பு லோகோக்களில் வேலை செய்தே வாழ்நாளைக் கழித்தவர். ஒரு நாள் எல்லாம் தயார், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் துடித்தார்கள். நானும்தான். அவர் பட்டனைத் தொட விடவில்லை. 'முதலில் கையால் சுற்று' என்றார்.

அதாவது, பன்னிரண்டு சிலிண்டர்களின் வால்வுக் குழாய்களையும் திறந்துவிட்டு, நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பி, என்ஜினின் முதன்மை அச்சான கிராங்க் ஷாஃப்டை ஆள் பலத்தில் மெதுவாகத் திருப்ப வேண்டும். இருவர் நெம்ப, நான் டார்ச்சோடு குழாய் வாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றிலும் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. சிலிண்டர்களின் இரண்டு வரிசைகளில் பி வரிசையில் நாலாவதில் முதலில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினார்கள். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு துருக் கலந்த தண்ணீர் என் சட்டைக் கை மேல் பீய்ச்சியடித்தது. ஒரு டம்ளர் அளவு இருக்கும்.

பெரியவர் என் சட்டையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். 'இதோடு ஸ்டார்ட் பண்ணியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்' என்றார். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு அது. அவ்வளவுதான் பேச்சு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீருக்குப் போக்கிடம் இல்லையென்றால் இரும்புதான் விட்டுக்கொடுக்கும். இது புத்தகத்தில் படித்து எனக்கும் தெரியும். ஆனால் என் சட்டைக் கை நனைந்த பிறகுதான் அது உறைத்தது.

அந்த சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற மூன்று வார இறுதிகள் ஆயின. நட்டுகள் அசையவில்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, அடுத்த சனிக்கிழமை வந்து தட்டி, திரும்ப ஊறவைத்து... கூரைப் பலகையை எடுத்துவிட்டு, செயின் பிளாக்கில் ஹெட்டை அங்குலம் அங்குலமாகத் தூக்கினோம். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். வேறொரு குழு தங்கள் கையிருப்பிலிருந்து ஒரு ஹெட்டை எங்களுக்குக் கொடுத்தது. இந்த லோகோ ரசிகர்களின் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒரே வகுப்பு லோகோ வைத்திருக்கும் குழுக்கள் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஒரு வால்வு, ஒரு ரிலே, ஒரு பழைய மின்சுற்றுப் படம், யாரிடம் இருந்தாலும் கேட்டால் கிடைக்கும்.

நடுவில் ஒரு இரவு யாரோ வேலியைத் தாண்டி வந்து தாமிரக் கேபிள்களை வெட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி விரிவாக எழுத இன்னும் மனம் வரவில்லை.

ஸ்டார்ட் செய்த நாளைச் சொல்கிறேன். நவம்பர், காலையிலிருந்து தூறல். மறுபடியும் கையால் சுற்றினோம்; பன்னிரண்டும் சுத்தம். குழாய்களை மூடினோம். உயவு எண்ணெய் பம்ப்பைப் போட்டு, எல்லா இடத்துக்கும் எண்ணெய் ஏறும் வரை காத்திருந்தோம். பெரியவர் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டார். 'சட்டையைக் கொடுத்தவன் நீதானே, நீயே அமுக்கு' என்றார்.

இந்த லோகோவில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரி மின்சாரம் மெயின் ஜெனரேட்டருக்குப் போய், அது மோட்டாராக மாறி என்ஜினைச் சுழற்றும். பட்டனை அமுக்கிப் பிடித்தேன். விளக்குகள் மங்கின. முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுப்பது போல ஒரு முனகல். ஒரு சிலிண்டர் இருமியது. இன்னொன்று. கூரைக்கு மேல் வெள்ளைப் புகை கொப்பளித்தது. விட்டுவிடலாமா என்று விரல் தயங்கிய நேரத்தில் எல்லாமும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. நிமிடத்துக்கு 450 சுற்றில் அது நிதானமாக ஓடத் தொடங்கியபோது, கீழே நின்ற எட்டுப் பேரில் ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கேயாவது ஒழுங்கற்ற தட்டல் வருகிறதா என்று. வரவில்லை.

அதற்குப் பிறகு வேறு குழுக்களின் ஷெட்டுகளுக்கும் போனேன். டெர்பிஷயரில் பாரோ ஹில்லில் 1870-ல் கட்டிய வட்ட ஷெட் இருக்கிறது. டெல்டிக் என்ற இன்னொரு டீசல் லோகோ வகுப்பைக் காப்பாற்றும் டெல்டிக் பாதுகாப்புச் சங்கத்தின் இடமும் அங்கேதான். டெல்டிக்குகள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1977-ல், இனி இவை போய்விடும் என்று முன்கூட்டியே உணர்ந்து சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். கடைசி டெல்டிக் 1982 ஜனவரி தொடக்கத்தில் சேவையை முடித்தது. கட்டிய 22-ல் ஆறு பிழைத்தன, அந்த ஆறில் மூன்று இவர்களிடம்தான் இருக்கின்றன. அலிசிடன், துல்யார் என்று பந்தயக் குதிரைகளின் பெயர் வைத்த லோகோக்களும் அவற்றில் உண்டு. ஒரு டெல்டிக்குக்குள் இரண்டு நேப்பியர் என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் முக்கோணமாக அடுக்கிய 18 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு பிஸ்டன். சேர்த்தால் 72 பிஸ்டன்கள். ஸ்டார்ட் ஆகும்போது புகைக்கலனில் தேங்கிய எண்ணெய் எரிந்து நீலப் புகை ஷெட்டையே மூடும். எங்கள் 37 எருதின் நடை என்றால், டெல்டிக் ஆயிரம் வண்டுகள் ஒன்றாக ரீங்காரமிடுவது போல.

எங்கள் லோகோ மறுபடி பயணிகளோடு ஓடிய முதல் நாள் ஒரு முதியவர் வந்தார். வேலையில் இருந்த காலத்தில் இதே எண்ணுள்ள லோகோவை ஓட்டியதாகச் சொன்னார். துணை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தோம். தன்னார்வலர் பாதைகளில் வழக்கமாக மணிக்கு 25 மைல்தான் வேக வரம்பு. அவர் ஓட்டிய வேகத்துக்கு இது நடை. ஏற்றம் வந்தது. ஓட்டுநர் விசையைக் கூட்டினார், என்ஜின் குரல் கனத்தது. ஜன்னலுக்கு வெளியே கைகாட்டிய குழந்தைகளை முதியவர் பார்க்கவேயில்லை. அவர் கண் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள்ளில் இருந்தது. முள் ஏற ஏற, இல்லாத கைப்பிடி ஒன்றை அவருடைய கை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.