ரெண்டு சென்ட் இடத்துல ஒரு குடும்பத்துக்கே காய் எடுக்க முடியுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

புறவாசல் அக்கா (தென்காசி பக்கம்):

வீட்டுத்தோட்டம் போட்டா காய்கறிக் கடைப்பக்கமே போக வேண்டாம்னு வீடியோல ஆளாளுக்கு சொல்றாங்கல்ல, அதான் எங்க வீட்டு நிலவரத்த சொல்லிட்டு உங்களையும் கேக்கலாம்னு. வீட்ல அஞ்சு பேரு. புறவாசல்ல ரெண்டு சென்ட் இருக்கும், அதுல மாமியார் வச்ச முருங்கை, கறிவேப்பிலை, நாலஞ்சு வாழை போக மிச்ச இடம்தான் எனக்கு.

ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011ல போட்ட கையேட்டுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்னு சொல்லிருக்காங்க, அதுல 50 கிராம் கீரை, 50 கிராம் கிழங்கு. அஞ்சு பேருக்கு ஒன்றரை கிலோ, மாசத்துக்கு 45 கிலோ. இந்த இடத்துல வருஷம் பூரா மாசா மாசம் 45 கிலோ வருமான்னா வராது, சும்மா சொல்லக்கூடாது. வெங்காயம், உருளை, கேரட் எல்லாம் கடைல தான். ஆனா கீரை, முருங்கை, கறிவேப்பிலை, பச்சமிளகா, வாழைல பூ காய் தண்டு, இதுக்கெல்லாம் காசு குடுத்து ரொம்ப காலமாச்சு.

சின்ன தோட்டத்துல உள்ள சிக்கலே எதுவும் கால் கிலோவா சேந்து வராது. ஒரு நாள் பாத்தா மூணு கத்தரிக்கா, ஒரு கை அவரை, ரெண்டு வெண்டை, ஒரு முருங்கைக்கா, இத வச்சு பொரியல் பண்ணா அஞ்சு பேருக்கு தொட்டுக்கக்கூட காணாது. எங்க ஊர்ல இதுக்குன்னே கூட்டாஞ்சோறு இருக்கே. அரிசி பருப்போட கத்தரி, வாழைக்கா, முருங்கைக்கா, அவரை, ஒரு கை முருங்கைக்கீரை எல்லாத்தையும் போட்டு, தேங்கா சீரகம் சின்ன வெங்காயம் அரைச்சு ஊத்தி ஒரே பானைல முடிஞ்சிரும், எது எவ்வளவு இருந்தாலும் ஒத்துக்கும். இல்லன்னா அவியல். எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வெண்டைக்கா பொரியல்தான் வேணும்னு நின்னா பைய எடுத்துட்டு அவரே சந்தைக்கு போக வேண்டியதுதான்.

அரைக்கீரை விதை கடுகை விட சின்னது, கருப்பா மினுமினுன்னு இருக்கும், மணல் கலந்து தூவினாதான் ஒரே இடத்துல அப்பிக்காது. தூவின அன்னைக்கே எறும்பு வரிசை கட்டி தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சிரும், அதனால பாத்திய சுத்தி கொஞ்சம் அரிசி நொய் போட்டு விட்ருவேன், அது பாட்டுக்கு அத இழுத்துட்டு கிடக்கும். பாத்திய நாலா பிரிச்சு வாரத்துக்கு ஒரு பக்கமா, தரைலேருந்து ரெண்டு விரக்கடை விட்டு அறுத்தா மறுபடி தழைஞ்சிரும். சிறுகீரை வேரோட புடுங்குறது, அத ஓரமா திரும்பத் திரும்ப விதைக்கணும். பந்தல்ல புடலை. பிஞ்சு சுருளாம நேரா தொங்க நுனில சின்ன கல்லு கட்டி விடுவோம், ஸ்கூல் விட்டு வந்ததும் பிள்ளைங்களுக்கு எது எவ்ளோ நீண்டுருக்குன்னு பாக்குறதுதான் மொத வேலை. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, ஆனா செங்கோட்டை கணவாய் காத்து ஆடில அடிக்கிற அடிக்கு எங்க பந்தலே நிக்காது, கொடி விதைய ஆவணி கிட்ட தள்ளித்தான் போடுறேன்.

மொட்டமாடி தம்பி (சென்னை):

அக்கா உங்களுக்கு மண்ணு இருக்கு, எங்களுக்கு எல்லாமே பை. தோட்டக்கலைத் துறைல 900 ரூபா கிட் மானியம் போக 225க்கு குடுத்தாங்கல்ல, ஆறு பை, ஆறு வகை விதை, தென்னைநார் கட்டி, வேப்பெண்ணெய் மருந்துன்னு, அதுல ஆரம்பிச்சதுதான். கீரையும் மிளகாயும் சொன்ன பேச்சு கேக்கும். தக்காளிதான் ஆட்டம் காட்டும். 2023 ஜூலைல கிலோ 150, 200ன்னு போயி ரேஷன் கடைல 60க்கு வித்தாங்களே, அப்ப எங்க மாடில தக்காளிச் செடி பூ பூவா நின்னுச்சு, ஒன்னும் காய் புடிக்கல, ராத்திரிலயும் சூடு எறங்கலன்னா பூவ உதுத்துரும். மழை முடிஞ்சு நட்டா மாசி வரைக்கும் காய்ச்சுத் தள்ளும், ஆனா அப்ப கடைலயும் சீப்பாதான் கெடைக்குது, பக்கத்து வீட்டுல குடுத்தா எங்ககிட்டயே இருக்கேங்குறாங்க. இதுல வீட்டு ஓனர் வேற மாடி ஒழுகுதுன்னு ஒரே சத்தம், எல்லா பையையும் செங்கல் மேல தூக்கி வச்சப்புறம்தான் அடங்குனாரு.

முற்றத்து முருங்கை (யாழ்ப்பாணம்):

நாங்கள் ஆசைக்குத் தொடங்கேல்லை. 2022ல பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, அதுக்கு முதல் வருசம் இரசாயன உரத்தை நிப்பாட்டி மரக்கறி விலையும் ஏறிப்போச்சு. வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தவை, ஞாபகம் இருக்கோ? என்ர மனுசனும் அரசாங்க வேலைதான், வெள்ளியெண்டா மண்வெட்டியோட நிப்பார். பயித்தை, உங்கட பக்கம் காராமணிக்காய் எண்டுவினம், ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சிட்டுது. மரவள்ளி எட்டு ஒம்பது மாசம் எடுக்கும், ஆனா வயித்துக்கு நிண்டு பிடிச்சது அதுதான், காலமை அவிச்சு இடிச்ச சம்பலோட சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும். கிண்டினா ரெண்டு நாளைக்குள்ள சமைக்க வேணும், விட்டா உள்ளுக்கு நீலக்கோடு விழுந்து கறுத்துப்போம், அதால ஒவ்வொரு மரமாத்தான் கிண்டுறது, மிச்சம் மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும். தோலை வடிவாச் சீவி, மூடாமல் அவிக்க வேணும். இஞ்சி போட்ட ஒண்டும் அதோட சாப்பிடக் கூடாதெண்டு அம்மம்மா இண்டைக்கும் விடமாட்டா. கிணத்தடித் தண்ணி வாய்க்காலால வாழைக்குப் போகும், அந்த ஈரத்திலயே வல்லாரையும் பொன்னாங்காணியும் தன்பாட்டில படரும். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, ஒரு சொதி, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது. அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில நிண்டனாங்கள்தான் அக்கா, அதைத் தோட்டம் தரேல்லை.

வத்தல் பாட்டி (கும்பகோணம்):

வர்றப்ப மொத்தமா வந்து நிக்கும், அத யாரும் சொல்லலியே. கொத்தவரங்கா, கத்தரிக்கா, சுண்டக்கா எல்லாம் உப்பு போட்டு ஒரு கொதி விட்டு பங்குனி சித்திரை வெயில்ல காயவச்சு டப்பால போட்ருவேன். மொளகா மோர்ல ஊறி ஊறிக் காயும். ஐப்பசி மழைல பாத்தி பூரா தண்ணி நின்னு ஒன்னுமே இல்லாத நாள்ல வத்தக்கொழம்பு தான் எங்களுக்கு காய்.

பொள்ளாச்சி:

பாகல்ல புழு வருதுங்க, வெளிய பாத்தா நல்லாருக்கு, நறுக்கினா உள்ள நெளியுது, வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி சோப்புத் தண்ணில கலந்து அடிச்சும் அடங்கல. என்ன பண்றதுங்க?

புறவாசல் அக்கா:

அது பழ ஈ தம்பி. பிஞ்சுக்குள்ள முட்டைய வச்சுரும், உள்ள போன புழுவ மேல அடிக்கிற மருந்து தொடாது. பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே பழைய பேப்பர சுருட்டி மாட்டி விட்ருங்க. புழு விழுந்த காய செடிக்கு அடியில மட்டும் போடாதீங்க, புழு மண்ணுக்குள்ள எறங்கி கூட்டுப்புழுவாகி திரும்ப ஈயா வரும், பாலித்தீன் பைல கட்டி வெயில்ல போடுங்க. பாட்டில்ல ஓட்டை போட்டு நனைச்ச கருவாட்டுத் துண்ட உள்ள தொங்கவிட்டா ஈ அந்தப் பக்கம் போயிரும்.

மொட்டமாடி தம்பி:

கருவாட்டு பாட்டில் நானும் கட்டினேன் அக்கா. ஈ வந்துச்சான்னு தெரியல, தெருப்பூனை ரெண்டு இப்ப மாடிலயே குடியிருக்கு. எலித் தொல்லை மட்டும் சுத்தமா போச்சு.