புதுப்பிப்பு: பெல் அண்ட் செபாஸ்டியன் மதிப்பெண் பட்டியல்

கிளாஸ்கோ இசைக்குழுவான பெல் அண்ட் செபாஸ்டியனின் ஆல்பங்களுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு முன்பு ஓர் இழை எழுதியிருந்தேன். 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' முதலிடம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. 'ஈ.பி.க்களை (ஒரு சில பாட்டுகளே கொண்ட சிறு வெளியீடுகளை) ஏன் விட்டீர்கள்?' என்பதுதான் பலர் கேட்டது.

சரி, இப்போது அவையும் சேர்ந்தாயிற்று. 1997இல் மட்டும் மூன்று ஈ.பி.க்கள். அதில் 'லேசி லைன் பெயின்டர் ஜேன்' ஒன்றுக்கே பத்துக்குப் பத்து. அதன் தலைப்புப் பாட்டில் குழுவின் பாடகர் ஸ்டுவர்ட் மர்டாக் முணுமுணுப்பது போலப் பாட, விருந்தினராக வந்த மோனிகா குவீன் தொண்டை திறந்து பாடி அவரை ஓரங்கட்டிவிடுகிறார். பாட்டு முடிந்தது என்று நினைக்கும்போது ஆர்கனும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். அந்தக் கடைசிப் பகுதியைக் குறைந்த சத்தத்தில் கேட்காதீர்கள். இந்த மூன்று ஈ.பி.க்களும் 2005இல் ஒரே தொகுப்பிலும் வந்துவிட்டன.

'டைகர்மில்க்' எட்டரையிலிருந்து ஒன்பதுக்கு ஏறியிருக்கிறது. 1996இல் கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரி நடத்திய இசை லேபிளில் ஆயிரம் எல்.பி. இசைத்தட்டுகள் மட்டுமே வந்த ஆல்பம். அரிய பொருள் என்பதற்காக மார்க் ஏற்றவில்லை, முதல் பாட்டுக்காகத்தான்.

ட்ரெவர் ஹார்ன் தயாரித்து 2003இல் வந்த ஆல்பம் 'ரொம்பப் பளபளப்பு' என்று சிலருக்குக் குறை. எனக்கு அந்தப் பளபளப்புதான் பிடிக்கிறது. எட்டு, குறைக்க மாட்டேன்.

2000இல் வந்த ஆல்பத்துக்கு ஆறரைதான். குழுவினர் ஆளுக்கொரு பாட்டு எழுதியதில் கோர்வை கலைந்துவிட்டது. 2022இலும் 2023இலும் வந்த ஆல்பங்கள் இன்னும் பாக்கி, அப்புறம் போடுகிறேன்.