‘மந்தண விலக்கு’ வேண்டாம்: பிரான்சைஸ் ஒப்பந்தத்துக்கு இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் கடை நடத்த உரிமம் தரும் பிரான்சைஸ் ஒப்பந்தத்தில், மந்தணக் காப்புக் (இரகசியம் காக்கும்) கடமைக்கு உட்படாதவற்றைக் குறிக்க முன்மொழியப்பட்டுள்ள ‘மந்தண விலக்கு’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ‘மந்தணம்’ அரசுக் கோப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது, அதில் தடையில்லை. இடர் ‘விலக்கு’ என்பதில்தான் இருக்கிறது. மதுவிலக்கு என்றால் தடை, வரிவிலக்கு என்றால் கடமையிலிருந்து விடுபடுதல். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 8ஆம் பிரிவில் விலக்குப் பெற்ற தகவல் என்பது, தர வேண்டியிராத தகவல். நம் ஒப்பந்தத்திலோ அது வெளியே சொல்லத்தக்க தகவல். பெரம்பூரில் காபிக் கடை எடுக்கவிருந்த ஒருவருக்கு அண்மையில் வரைவைத் தமிழில் படித்துக் காட்டியபோது, “விலக்குன்னா வெளியே சொல்லக் கூடாததுதானே சார்?” என்று கேட்டார். கையெழுத்திடுபவர் நேர்மாறாகப் புரிந்துகொள்ள இடம் தரும் சொல்லை நாம் பரிந்துரைப்பது முறையாகாது.

மேலும், ஆங்கிலம் இவற்றை ‘exceptions’ என்று ஒரே பெயரால் வழங்குவதால் நாமும் ஒரு சொல்லையே தேடுகிறோம். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு. காபித் தூளில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எனவே, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், கடைக்காரர் அதை மறைத்துக் காப்பதற்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே அவர் அறிந்திருந்ததும், தாமே தனியாக உருவாக்கியதும், காப்புக் கடமை இல்லாத பிறரிடமிருந்து முறையாகப் பெற்றதும் இவ்வகையே. இவற்றை ‘மந்தணமாகாத் தகவல்’ எனலாம்.

கொட்டையை வறுக்கும் பக்குவமும் கொள்முதல் விலையும் அப்படியல்ல. கடன் கேட்டு வங்கிக்கும், கணக்குத் தணிக்கைக்காகத் தணிக்கையாளருக்கும், ஆணை வந்தால் நீதிமன்றத்துக்கும் அவற்றைக் காட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கலாம். காட்டிய பிறகும் அவை மந்தணமாகவே நீடிக்கின்றன. அதனால்தான் ஆணையின்பேரில் காட்டும்போது உரிமம் தந்தவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், தேவையான அளவுக்கு மேல் காட்டக் கூடாது என்ற நிபந்தனைகள் வழக்கமாகச் சேர்க்கப்படுகின்றன. முதல் வகைக்கு இந்த நிபந்தனைகள் பொருந்தா; அங்கே எழும் கேள்வி, தகவல் தமக்கு முன்பே தெரியும் என்பதை எந்த ஆவணத்தால் காட்டுவது என்பதே. இந்தியாவில் வணிக இரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாததால், பூசல் எழும்போது ஒப்பந்த வாசகத்தின்மேல் விழும் சுமை பெரிது. இரண்டாம் வகைக்கு ‘மீறலாகா வெளிப்படுத்தல்’ என்பதை முன்வைக்கிறேன்.

விதிவிலக்கைக் குறிக்க ஈழத்து வழக்கிலுள்ள ‘புறனடை’ அழகிய சொல், எனக்கும் விருப்பமானது. ஆயினும் அதுவும் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இலக்கணம் படித்தவர்களுக்கு அது சொல்லாமல் விட்டவற்றையும் தழுவிக்கொள்ளும் நூற்பாவையே நினைவூட்டும்.

‘இசைவு பெற்ற வெளிப்பாடு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். நீதிமன்ற ஆணைக்குப் பணிவதில் உரிமம் தந்தவரின் இசைவுக்கு வேலையில்லை என்பதால் அதைக் கைவிட்டேன். ‘வெளிப்பாடு’ தானே வெளிப்படுவதையும் குறிக்கும். ஒப்பந்தத்துக்கோ செய்பவர் ஒருவர் வேண்டும். ஆகவே, சற்று நீளமானாலும், ‘வெளிப்படுத்தல்’ என்றே இருக்கட்டும் என்பது என் கருத்து.