லாரி முந்தியதும் கேரவன் வால் ஆட்டுகிறது, என்ன செய்வது?

புதுக்கேரவன் (மெல்பர்ன்):
போன சனிக்கிழமை ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு கண்டம் தப்பியது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் செகண்ட்ஹேண்ட் வீட்டு வண்டி (கேரவன்), ஒற்றை அச்சு, சாமானோடு 1,600 கிலோ. இழுப்பது பிராடோ கார். வழியில் ஹோல்புரூக் ஊரில் தரையில் வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுக் கிளம்பினோம். ஓர் இறக்கத்தில் 95-ல் போகும்போது பி-டபுள் (இரண்டு டிரெய்லர் கோத்த நீள லாரி) ஒன்று முந்தியது. அதன் காற்று முதலில் கேரவனை ஓரத்துக்குத் தள்ளியது, லாரி கடக்கும்போது தன் பக்கம் இழுத்தது. அப்புறம் கண்ணாடியில் ஒரு தடவை இடப்பக்கம் தெரிகிறது, மறு தடவை வலப்பக்கம். பதறி பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடிவிட்டது. நல்லவேளை, மேடு வந்து வேகம் தானாகக் குறைந்தது. ஆட்டத்தைத் தடுக்கும் பார் விற்கிறார்களே, வாங்கலாமா?

ஒன்பது வருட இழுவை:
தம்பி, காசை எடுக்காதீர்கள். பின்னால் என்ன ஏற்றியிருந்தீர்கள்?

புதுக்கேரவன்:
பம்பரில் இரண்டு சைக்கிள், பின்தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர், பின் அலமாரியில் அரிசி, பருப்பு, குக்கர்.

ஒன்பது வருட இழுவை:
அதுதானே பார்த்தேன்! ஊரில் மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவரைக் கேட்டால் சொல்வார், இது பின்பாரம். அங்கே நுகத்தடி மேலே தூக்கும், இங்கே வால் ஆடும். டோ பால் (கேரவனை மாட்டக் கார் பின்னால் இருக்கும் இரும்புப் பந்து) மேல் கேரவனின் மொத்த எடையில் சுமார் 10% அழுத்த வேண்டும், உங்களுக்கு 160 கிலோ. அதற்காக முன்னால் கண்டபடி அடைக்காதீர்கள், காருக்கும் அந்தப் பந்தைத் தாங்கும் டோ பாருக்கும் வரம்பு இருக்கிறது. கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கப்ளிங்குக்கு (பந்தைக் கவ்வும் கேரவன் முன்முனை) அடியில் டோ பால் எடை காட்டும் கருவியை வைத்துப் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். ஆட்டம் தடுக்கும் பாரை அப்புறம் யோசிக்கலாம், பின்பாரத்தை அது மறைக்கும், மாற்றாது.

சிட்னி_ரவுண்டு:
அண்ணா சொல்வது சரி. இன்னொன்று, ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்யப் போனால் ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்ட மாதிரி ஆகும். உங்கள் கேரவன் எடைக்கு அதிலேயே தனி பிரேக் கட்டாயம். எலக்ட்ரிக் பிரேக் என்றால் டாஷ்போர்டில் கன்ட்ரோலர் இருக்கும், அதைக் கையால் அழுத்தினால் கேரவன் மட்டும் பிரேக் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும், வண்டி நேராகிவிடும். காலி கார் பார்க்கில் பத்து தடவை பழகுங்கள். பார்க்காமலே கை அங்கே போக வேண்டும்.

புதுக்கேரவன்:
அளந்தேன், வெறும் 72 கிலோ! சைக்கிள் கார் கூரைக்கு, தண்ணீர் சாக்கடைக்கு. இப்போது 140. நேற்று பெண்டிகோ வரை 90-ல் போனேன், இரண்டு லாரிகள் முந்தின, லேசான தள்ளலோடு சரி. அரிசி மூட்டை அச்சுக்கு நேர் மேலே, சோபாவுக்கு அடியில். ஒவ்வொரு வேளையும் மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கிறதே என்று வீட்டுக்காரம்மாவுக்குத்தான் கோபம்.